புலம் பெயராத புலம்பெயர்ந்தவர்

கண்காட்சிக் கூடங்களில் அதிகமாகவும் மற்ற இடங்களில் அங்கங்கேயும் தென்படும் ஒரு மனித இனத்தை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறேன். பயப்பட வேண்டாம், கடிக்காது. அவ்வப்போது பெருமூச்சு விடும், அவ்வளவுதான். 'புலம் பெயராத புலம்பெயர்ந்தவர்' என்று நானாக இதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். பிறந்த வீட்டிலேயே வளர்ந்து, வளர்ந்த வீட்டிலேயே குடித்தனம் வைத்து, மின்விசிறிக்கு நேர் கீழே படுக்கும் உரிமையை இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல், அதே மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபடி, "நான் எங்கேயும் சொந்தமில்லாதவன்" என்று சொல்கிறவர் எவரோ, அவரே இந்த இனம்.

அடையாளம் காண்பது சுலபம். "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்களும் நானும் என்றால் ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். இவர் கண்ணை மூடுவார். நெற்றியை நீவுவார். "ஊருன்னா என்ன?" என்று திருப்பிக் கேட்பார். கேட்டவர் பாவம், தன் மச்சான் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவாக இருக்குமோ என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருப்பார்.

பேருந்தில் ஒரு முறை இந்த இனத்தவர் ஒருவருக்கும் நடத்துநருக்கும் நடந்த உரையாடலை நான் பின் இருக்கையிலிருந்து கேட்டேன்.

"எங்க போகணும்?"

"அதைத்தான் தேடிட்டு இருக்கேன்."

"இறங்கித் தேடுங்க சார். பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

இவர்களுடைய கலைக்கென்று சில மூலப்பொருள்கள் உண்டு. பழைய பெட்டி, துருப்பிடித்த சாவி, கிழிந்த வரைபடம், முள்கம்பி, காகிதக் கப்பல், ஒற்றைச் செருப்பு (எப்போதும் ஒற்றைதான், ஜோடியின் இன்னொன்றெல்லாம் எங்கே போகிறதென்று உலகத்தில் யாருக்கும் தெரியாது), இவற்றோடு இருட்டறையில் ஓடும் ஒரு கடல் படம். அலை வரும். அலை போகும். எப்போது உள்ளே நுழைந்தாலும் பாதியில் வந்துவிட்டதுபோலவே இருக்கும். எழுந்து போகவும் தயக்கமாக இருக்கும், ஏனென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அழுதுகொண்டிருக்கலாம், தூங்கிக்கொண்டும் இருக்கலாம்.

நாடிழந்தவர்களின் கலையையே நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சில வருடங்கள் கால் போன போக்கில் ஊர் ஊராகச் சுற்றியவள் நான். அப்படிப் போன ஒரு நகரத்தில், போரில் வீட்டை இழந்த ஒருத்தி தன் சமையலறையை ஞாபகத்திலிருந்து தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்திருந்தாள். ஜன்னல் எந்தப் பக்கம் என்று நினைவுக்கு வராமல் இரண்டு பக்கமும் வரைந்து, இரண்டிலும் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். வேறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் அந்தக் கோட்டை மிதிக்காமல், வாசல் இருந்த இடத்தின் வழியாகவே உள்ளே போய் வெளியே வந்தார்கள். நான் சொல்லும் இனத்தின் கதை வேறு. அங்கே படைப்பு சின்னது, பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் விளக்கக் குறிப்பு பெரியது.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. என் அண்ணன்.

அண்ணன் ஓவிய ஆசிரியர். தான் படித்த பள்ளியிலேயே வேலை. அந்தப் பள்ளியும் எங்கள் தெருவைத் தாண்டி இரண்டாவது திருப்பத்தில். அவர் வாழ்க்கையில் நடந்த ஒரே இடப்பெயர்ச்சி, நான் வீட்டை விட்டுக் கிளம்பியபோது அவர் பின்னறையிலிருந்து என்னுடைய முன்னறைக்கு மாறியது. அதை வைத்தே 'பெயர்வு' என்று ஒரு தொடர் ஓவியம் வரைந்து முடித்துவிட்டார். பார்த்தவர்கள் எந்த எல்லையைத் தாண்டினீர்கள் என்று கேட்டார்கள். நடைக்கூடத்தை என்று அவர் சொல்லவில்லை.

இல்லை, ஒரே ஒரு முறை வெளிநாடு போயிருக்கிறார். கலைஞர்களை அழைத்துத் தங்கவைத்து வேலை செய்யச் சொல்லும் ஏதோ ஓர் இல்லத்தில் ஒரு வாரம். தினமும் மாலையில் அண்ணிக்குத் தொலைபேசியில் அழைப்பார். அண்ணியும் எதிர்முனையில் ஏக்கமான குரலை எதிர்பார்த்துத்தான் எடுப்பார்.

"ஏம்மா, வாஷிங் மெஷின்ல சோப்பு எவ்வளவு ஊத்தணும்?"

"மூடியில பாதி."

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். அந்த ஒரு வாரத்தை அவர் இன்றைக்கும் தன் அறிமுகக் குறிப்பில் 'அந்நிய நிலத்தில் வாழ்ந்த காலம்' என்று எழுதுகிறார்.

நான் திரும்பி வந்ததும் முதலில் மகிழ்ந்தவர் அவர்தான். அம்மாவுக்குக்கூட அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்து எதிரில் உட்கார்ந்தார்.

"சொல்லு. அங்கே உனக்கு என்ன வலிச்சது?"

"முதுகு. பஸ்ல."

"அது இல்லம்மா. ராத்திரி தனியா இருக்கும்போது என்ன தோணும்?"

"கதவைப் பூட்டினோமான்னு தோணும்."

கருவியை அணைத்துவிட்டார். நாடோடியாகத் திரிந்தும் நாலு வார்த்தை உருப்படியாகப் பேசத் தெரியாத தங்கை வாய்த்ததில் அவருக்கு வருத்தம். ஆனால் போகும்போது, நான் கொண்டுவந்த சிவப்புப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். ஒரு சக்கரம் இல்லை. உடம்பெல்லாம் விமான நிலையச் சீட்டுகள். "இதுக்கு இருக்கிற அனுபவம் உனக்கு இல்ல" என்றார்.

அந்தப் பெட்டியை நான் அண்ணிக்குக் கொடுத்தேன். அண்ணிக்குத்தான் அது தேவைப்பட்டது.

அண்ணி மருத்துவமனையில் நர்ஸ். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலைக்காக இரண்டு வருடமாக முயற்சி செய்துகொண்டிருந்தார். வேலை முடிந்து வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து, அந்த நாட்டு மொழியின் வினைச்சொற்களைச் சத்தமாகச் சொல்லிப் பழகுவார். நான் வலிக்கிறேன், நீ வலிக்கிறாய், அவன் வலிக்கிறான் என்கிற மாதிரி ஏதோ. முன்னறையிலிருந்து அண்ணன் குரல் வரும்: "கொஞ்சம் மெதுவா படிம்மா. மொழியில்லாத மனுஷனைப் பத்தி எழுதிட்டிருக்கேன், கவனம் சிதறுது."

தேர்வு எழுதினார். தேறினார். விசா வந்தது. ஒவ்வொன்றும் அண்ணனிடம் சொல்லப்பட்டது. "சபாஷ்" என்றும் அண்ணன் ஒவ்வொரு முறையும் சொன்னார். அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மழை வரும் என்று நமக்குத் தெரிவது மாதிரி தெரியும். குடை எடுக்க வேண்டும் என்று தோன்றாத அளவுக்குத் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய பெரிய படைப்புக்கு இடம் கிடைத்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் பழைய பெட்டிகளை இரவல் வாங்கி, கூரையிலிருந்து கம்பியில் தொங்கவிடுவது. தலைப்பு: 'போகிறேன்'.

"அந்தப் பேரு வேண்டாங்க" என்றார் அண்ணி. "யாராவது வீட்ல போறேன்னு சொல்லுவாங்களா? போயிட்டு வரேன்னு வைங்க."

"அதுதான் விஷயமே. திரும்பி வர வழியில்லாதவன் எப்படிப் போயிட்டு வரேன்னு சொல்லுவான்?"

சொன்னால் நம்பமாட்டீர்கள், வாதத்தில் அண்ணன் பக்கம்தான் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டில் குப்பையைத் தெருமுனைக்குக் கொண்டுபோகிறவர்கூட "போயிட்டு வரேன்" என்றுதான் படியிறங்குவார். வெறும் 'போகிறேன்' காதில் விழுந்தால் அபசகுனம் என்று திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்துவிடுவோம். நல்ல தலைப்பு. அந்த நல்ல தலைப்புதான் அண்ணனைக் குழியில் தள்ளியது.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை மாலை. அண்ணியின் விமானம் அதே வெள்ளிக்கிழமை இரவு. அந்த வாரம் நடந்த பேச்சுவார்த்தைகளுக்கு நான் கண்ணால் கண்ட சாட்சி.

காலையில், தேநீர்க் கோப்பையோடு அண்ணி: "வெள்ளிக்கிழமை போறேன். ஞாபகம் இருக்குல்ல?"

"எப்படிம்மா மறப்பேன்? வெள்ளிக்கிழமைதானே 'போறேன்' திறப்பு. உனக்கு இருக்கிற வேலையில நீ ஞாபகம் வச்சிருக்கியே, அதுதான் பெரிசு. நன்றி."

இன்னொரு நாள், துணி மடித்தபடி: "ரெண்டு வருஷம் ஆகும். அதுக்கு முன்னாடி லீவு கிடைக்காதாம்."

"ரெண்டு வருஷம்தான் ஆச்சு இதை யோசிச்சு முடிக்க, நான் லீவே எடுக்கல. வேற யாரு புரிஞ்சுக்குவா இதை? நன்றிம்மா."

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அண்ணி என் காலை மிதித்தார். "விடு. எப்போ உறைக்குதுன்னு பார்ப்போம்" என்று பிறகு சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பு முழுசாக இல்லை.

புதன்கிழமையோ என்னவோ, விளக்கை அணைக்கப் போகும்போது: "எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்கும்தான். ஆனா கூட்டம் வரும், பாரேன்."

வெள்ளிக்கிழமை கடைசி ஷிப்டை முடித்து, தோழிகளிடம் சொல்லிக்கொண்டு, அண்ணி வீட்டுக்கு வந்தார். பெட்டியை முந்தின நாளே அடுக்கி, வழக்கமாக இருக்கும் இடத்திலேயே, பீரோ மேல் ஏற்றி வைத்திருந்தார். பீரோ மேல் தூசி மட்டும் இருந்தது, பெட்டி அளவுக்கு ஒரு சதுரம் விட்டு. அண்ணன் ஊரெல்லாம் பெட்டி சேர்த்துக்கொண்டிருந்தது இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. விமான நிலையத்துக்கென்று சொல்லிவைத்திருந்த வாடகைக் கார் வாசலில் வந்து ஒலி எழுப்பியது. கண்காட்சிக் கூடத்துக்கு விடச் சொன்னோம்.

அது முன்பு துணிக் கிடங்காக இருந்த கூடம். உயரமான கூரை. குளிர்சாதனக் காற்றில் பெட்டிகள் ஒவ்வொன்றும் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன, யாரோ கூப்பிட்டதுபோல. நிஜமாகவே நன்றாக இருந்தது. நடுவில், எல்லாவற்றிலும் தாழ்வாக, விளக்கு வெளிச்சத்தில், வாய் பிளந்து தொங்கியது என் சிவப்புப் பெட்டி. உள்ளே அண்ணியின் சீருடைகள், வெள்ளை ஷூ, துண்டு. விளிம்பிலிருந்து வழிந்து நைட்டி ஒன்று. அருகே சுவரில் குறிப்பு: 'நான் கேட்காமலேயே என் மனைவி இந்தப் பெட்டியை அடுக்கி வைத்திருந்தாள். போகிறவனின் துயரத்தை அவள் அறிவாள்.'

நைட்டிக்கு முன்னால் ஓர் அம்மையார் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். "இதைப் பாருங்க" என்றார் எங்களிடம், கண் கலங்க. "எத்தனை ராத்திரியோட தனிமை இதுல கிழிஞ்சு கிடக்கு!"

"தோள்ல தையல் விட்டிருக்குங்க" என்றார் அண்ணி. "தைக்க நேரமில்ல."

கையை நீட்டி நைட்டியை உள்ளே திணிக்கப் போனார். கண்காட்சி அமைப்பாளர் ஓடிவந்தார். "அம்மா, தொடாதீங்க, படைப்பு."

"என் துணிங்க."

"அப்படித்தாம்மா பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் தோணுது. அதுதான் இந்தப் படைப்போட வெற்றி."

மேடையில் அண்ணன் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தார். கறுப்புச் சட்டை, கழுத்தில் துண்டு போன்ற ஒன்று. "போகிறவன் யார்? அவன் வார்த்தையை யாராவது காது கொடுத்துக் கேட்டிருக்கிறோமா? போகிறவன் ஒருபோதும் திரும்பிப் பார்ப்பதில்லை..."

"ஏங்க" என்றார் அண்ணி. "கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

கூட்டம் சிரித்தது. அண்ணன் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அந்தப் பெட்டியை இறக்கிக் குடுங்க. நான் போகணும்."

கைதட்டல். என்ன கைதட்டல்! அமைப்பாளர் என் காதில், "அற்புதம், ஒத்திகை பார்த்தீங்களா?" என்றார். அண்ணனும் தட்டினார். "என் மனைவி. இந்தப் படைப்போட உயிர்" என்று அறிமுகம் செய்தார். அண்ணி மேடைக்கே ஏறிவிட்டார். மெதுவாகத்தான் பேசினார், ஒலிவாங்கிதான் மெதுவாகப் பேசவில்லை.

"எனக்கு இன்னிக்கு விமானங்க. வாசல்ல கார் நிக்குது."

"எங்க போற?"

வாழ்நாளெல்லாம் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத மனிதர், அதைத் தானே கேட்டது அன்றுதான் முதல் முறை.

"வேலைக்கு. வாரம் பூரா சொன்னேன்ல. வெள்ளிக்கிழமை போறேன்னு."

"அது..." அண்ணன் சுவரில் பெரிதாக எழுதியிருந்த தலைப்பைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். "அது தலைப்புன்னு நினைச்சேன்."

யாரும் கைதட்டவில்லை. அமைப்பாளருக்குக்கூட இது ஒத்திகையில் இல்லாத வரி என்று புரிந்துவிட்டது.

அண்ணன் ஏணியைத் தானே இழுத்து வந்தார். கம்பி அவிழவில்லை. நிரந்தரத்தன்மைக்காக என்று அன்று காலையில்தான் இரண்டு முடிச்சு கூடுதலாகப் போட்டிருந்தாராம். குறடு தேடி, விரலைக் கீறிக்கொண்டு, ஒருவழியாகப் பெட்டி தரைக்கு வந்தது. மேலே மற்ற பெட்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அவர் மண்டியிட்டு நைட்டியை மடிக்க ஆரம்பித்தார்.

"அப்படி இல்ல. ஷூவை அடியில வைங்க. மடிச்சதை நிக்க வைங்க."

"இதை நீ எனக்காக அடுக்கலையா?"

"உங்களுக்காக அடுக்கியிருந்தா உங்க கண்ணாடியை வச்சிருப்பேன். அது இல்லாம உங்களால பாத்ரூமே போக முடியாது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்குப் பயமா இருக்குன்னு சொன்னியே."

"ம்."

"அது உனக்கா?"

"வேற யாருக்கு?"

அண்ணன் பெட்டியை மூடி அதன் மேல் ஏறி உட்கார்ந்தார். நான் ஜிப்பை இழுத்தேன். ஒரு சக்கரம் இல்லாத அந்தப் பெட்டியை அவர் தலையில் வைத்துக்கொள்ளாத குறையாக வாசல்வரை தூக்கிப் போனார், வழியில் ஒருவரையும் பார்க்காமல்.

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அண்ணி, "போயிட்டு வரேன்" என்றார்.

அண்ணன் வாயைத் திறந்தார். எல்லை, வேர், விளிம்பு, வெற்றிடம் என்று வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த சொற்கள். ஒன்று, ஒன்றே ஒன்று, உதவிக்கு வரக் கூடாதா? வரவில்லை.

"ஏம்மா," என்றார் கடைசியில். "வாஷிங் மெஷின்ல சோப்பு..."

"மூடியில பாதி" என்றார் அண்ணி. கதவைச் சாத்திக்கொண்டார். கார் போய்விட்டது.

கண்காட்சி அந்த மாதம் முழுவதும் நடந்தது. நடுவில் வெறும் கம்பி தொங்கியது. வந்தவர்கள் எல்லாம் மற்ற பெட்டிகளை விட்டுவிட்டு அந்தக் கம்பிக்கு அடியிலேயே நின்றார்கள். "அந்த வெற்றிடத்துக்கு என்ன அர்த்தம்?" என்று ஒருவர் அண்ணனைக் கேட்டார்.

"அங்க ஒரு பெட்டி இருந்தது. என் மனைவி எடுத்துட்டுப் போயிட்டா."

"ஆகா, என்ன ஆழமான பதில்!" என்றார் கேட்டவர்.

அண்ணன் இப்போது நிஜமாகவே அந்நிய நிலத்தில் வாழ்கிறார். சர்க்கரை எந்த அலமாரி, காலை எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும், எரிவாயு தீர்ந்தால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் அவருக்குப் புது நாட்டுச் சட்டதிட்டங்கள். தினமும் மாலையில் தொலைபேசி வரும். இப்போது அண்ணிதான் அங்கிருந்து பேசுகிறார், இவர் கேட்கிறார். நடுநடுவே, "நான் வலிக்கிறேன், நீ வலிக்கிறாய்" என்று அந்த மொழியில் அண்ணன் சொல்லிப் பார்ப்பதும் காதில் விழுகிறது. விசா விண்ணப்பம் எப்படிப் போடுவது என்று போன வாரம் என்னைக் கேட்டார். இனம் திருந்திவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். அடுத்த படைப்புக்கு வேலை தொடங்கியாகிவிட்டது. தலைப்பு: 'மூடியில் பாதி'.

சரி, உங்களுக்கு வருவோம். என் அண்ணனை நினைத்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள், சந்தோஷம். கலைக்கும் நமக்கும் சம்பந்தமில்லை, நாம் பெட்டியைக் கட்டித் தொங்கவிடுகிற ஆளில்லை என்று ஒரு நிம்மதியும் உங்கள் முகத்தில் தெரிகிறது. இந்த வாரம் உங்கள் வீட்டில் யாராவது உங்களிடம் ஏதோ ஒன்றைச் சொன்னார்களா? நீங்கள் உங்கள் வேலையைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நன்றி சொன்னீர்களா? ஞாபகம் இல்லையென்றால் பரவாயில்லை. இதை மூடி வைத்துவிட்டு, ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, பீரோ மேல் இருக்கும் பெட்டியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். காலியாக இருந்தால் தூசி தட்டிவிட்டு இறங்கிவிடலாம்.

கனமாக இருந்தால் மட்டும், தயவுசெய்து, அதற்கு ஒரு தலைப்பு யோசிக்காதீர்கள்.